அவர் தம் கையாலேயே கொடுத்தார்

மூக்குக் கண்ணாடியைச் சட்டைக் கையால் துடைப்பவர்களைக் கண்டால் எனக்குப் பொறுக்காது. துணியில் இருக்கும் தூசி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் லென்ஸில் கோடு கோடாக இழுத்துவிடும். நீங்கள் இந்த அறைக்குள் வந்து உட்கார்ந்ததிலிருந்து அப்படித்தான் துடைத்துக்கொண்டிருக்கிறீர்கள். உங்கள் ஃபிரேம் இடது பக்கம் சற்று இறங்கியும் இருக்கிறது. என் கடையாக இருந்தால் பேச்சோடு பேச்சாக நிமிர்த்திக் கொடுத்திருப்பேன். இந்த மாதிரிச் சின்ன வேலைக்கு நான் யாரிடமும் காசு வாங்கியதில்லை, வேண்டுமானால் விசாரித்துப் பாருங்கள்.

விசாரித்துத்தான் இருப்பீர்கள். கடையைப் பூட்டிச் சாவியை வைத்திருப்பவர் நீங்கள்தானே.

என்மேல் எழுதியிருக்கும் குற்றத்தைப் படித்துக் காட்டினீர்கள். மிரட்டிப் பறித்தல். கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, தப்பாக நினைக்கக் கூடாது. மிரட்டுகிறவன் என்றால் ஒரு மீசையாவது வேண்டாமா, ஒரு உரத்த குரலாவது வேண்டாமா? நான் கடைக்குள் ஈ வந்தால்கூட அடிக்காமல் கதவைத் திறந்து வெளியே விடுகிறவன். வக்கீல் வரும்வரை பேச வேண்டியதில்லை என்று நீங்களே சொன்னீர்கள். அதில் என்ன உள்நோக்கம் என்று யோசித்துப் பார்த்தேன். பிறகு, பேசுவதே நல்லது என்று முடிவு செய்தேன். வக்கீல் வந்தால் பூசி மெழுகச் சொல்வார். பூசி மெழுக என்னிடம் ஒன்றும் இல்லை.

அந்த மூலையில் இருக்கும் கேமராவில் சிவப்பு விளக்கு எரியவில்லை. எரியாவிட்டாலும் ஓடும் என்று எனக்குத் தெரியும். ஓடட்டும்.

நான் கொஞ்சம் சந்தேகப் பிராணி, அதை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். பால்காரர் சிரித்தால் பாலைத்தான் பார்ப்பேன். என் மனைவி இதைச் சொல்லிச் சொல்லியே அலுத்துவிட்டாள். ஆனால் என் தொழிலுக்கு அது வேண்டும். நாற்காலியில் வந்து உட்காருகிறவர்கள் பாதிப் பேர் பொய் சொல்வார்கள். தெரியாத எழுத்தைத் தெரிகிறது என்பார்கள், பக்கத்து ஆள் படித்ததை மனப்பாடம் செய்துகொண்டு வந்து ஒப்பிப்பார்கள். ஓட்டுநர்கள் இதில் கெட்டிக்காரர்கள். டெப்போவிலிருந்து வருடத்துக்கு ஒரு முறை அவர்களை என்னிடம்தான் அனுப்புவார்கள். கண் நன்றாக இருக்கிறது என்று நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் அவர்கள் ஸ்டியரிங்கைத் தொட முடியும்.

அப்போது என் கடை பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. கடை என்று சொல்வது பெருந்தன்மை. எழுத்துச் சார்ட்டை எதிரில் மாட்டத் தூரம் போதாமல், உட்காருகிறவர் தலைக்குப் பின்னால் மாட்டி, எதிரில் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றை வைத்து, அதில் தெரிகிற எழுத்தைப் படிக்கச் சொல்வேன். புதிதாக வருகிறவர்கள் தங்கள் முகத்தைப் பார்த்துத் தலையைச் சீவிக்கொண்டு போய்விடுவார்கள். பெயர்ப் பலகையைப் பார்க்க வேண்டுமென்றால் சந்துக்குள் பாதி தூரம் வர வேண்டும். பாதி தூரம் வருவதற்கு யாருக்கு நேரம் இருக்கிறது?

அந்தச் சந்துக்கடைக்குத்தான் நிதானம் வந்தார். டெப்போவில் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். அவர் பஸ்ஸை ஓட்டுவது அவ்வளவு நிதானம். வளைவு வருமுன்பே வேகத்தைக் குறைப்பார், தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். அவர் பஸ்ஸில் ஏறினால் பத்திரமாக ஊர் போய்ச் சேரலாம், எந்தக் கிழமை என்று மட்டும் கேட்கக் கூடாது என்று கேலி செய்வார்கள். ஆனால் வயதானவர்களும் கைக்குழந்தைக்காரிகளும் வேறு பஸ்ஸை விட்டுவிட்டு அவருக்காகக் காத்திருந்து ஏறுவார்கள். அப்படி ஒரு நல்ல பெயர்.

சார்ட்டில் கடைசி வரி வரை மளமளவென்று படித்தார். எனக்கும் சந்தோஷம்தான். கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்துவிட்டேன். அவர் எழுந்தார். முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் இடித்துக்கொண்டார். "புது ஸ்டூலா தம்பி?" என்று சிரித்தார். அந்த ஸ்டூல் கடை திறந்த நாளிலிருந்து அங்கேதான் கிடக்கிறது, அவரும் வருடா வருடம் வருகிறவர்தான். அந்தச் சிரிப்புதான் எனக்கு உறுத்தியது.

"ஒரு நிமிஷம் உட்காருங்கண்ணே. என் மூக்கையே பாருங்க. பக்கத்துல விரல் ஆடறது தெரிஞ்சா மட்டும் சொல்லுங்க" என்றேன்.

என் கையை அவர் காதுக்குப் பக்கத்திலிருந்து மெதுவாக முன்னால் கொண்டுவந்தேன். யாராக இருந்தாலும் அங்கேயே தெரிந்துவிடும். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கன்னத்தைத் தாண்டிக் கொண்டுவந்தேன். ஒன்றும் சொல்லவில்லை. விரல் ஏறக்குறைய அவர் மூக்குக்கு நேரே வந்த பிறகுதான் "ஆங், தெரியுது" என்றார். இரண்டு பக்கமும் அப்படியே. நேரே இருப்பது துல்லியமாகத் தெரியும், பக்கத்தில் நிற்பது தெரியாது. குழாய்க்குள் கண்ணை வைத்துப் பார்ப்பது போல. இந்த மாதிரிக் கண்ணுக்கு அந்தி சாய்ந்துவிட்டால் அந்தக் குழாயும் அடைத்துக்கொள்ளும். இதற்குக் கண்ணாடியும் கிடையாது, சொட்டு மருந்தும் கிடையாது. சார்ட் படிக்கச் சொல்கிற எந்தப் பரிசோதனையிலும் இது பிடிபடவும் பிடிபடாது.

அவருக்கு அது முன்பே தெரிந்திருந்தது என்பது அவர் முகம் வெளிறியதிலேயே புரிந்தது. தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது எதற்கு, மாலை டிரிப்பையெல்லாம் கூட வேலை செய்கிறவர்களிடம் கெஞ்சி மாற்றிக்கொண்டது எதற்கு என்று எனக்கும் விளங்கியது. ஊரே மெச்சிய நிதானம், பாவம், கண் தெரியாததால் வந்த நிதானம்.

"தம்பி, இதை டெப்போவுல சொல்லிடுவீங்களா?"

"சொல்லணும்ணே. அதானே என் வேலை."

"சொன்னா?"

"வேலை போயிடும்."

நாங்கள் பேசியது இவ்வளவுதான். இதில் மிரட்டல் எந்த இடத்தில் இருக்கிறது என்று நீங்களே காட்டுங்கள். கேட்டதற்குப் பதில் சொன்னேன். நான் பேனாவை மூடி வைத்தேன், பிறகு திறந்தேன், தகுதியானவர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார். ஒரு பெரிய மனிதர் நம் கையைப் பிடித்துக்கொண்டு அழுதால் மனசுக்கு ஒரு மாதிரி இருக்கும். எனக்கு நன்றாகத்தான் இருந்தது. ஒளிக்க மாட்டேன்.

அதற்குப் பிறகு நான் அவரிடம் எதையும் கேட்டதில்லை. இதை நீங்கள் அடிக்கோடு போட்டு எழுதிக்கொள்ள வேண்டும். லென்ஸ் பார்சல் நகரத்திலிருந்துதான் வரும். கூரியர்காரன் போன தடவை பாதியை உடைத்துவிட்டான் என்று ஒரு நாள் கடை வாசலில் நின்று புலம்பிக்கொண்டிருந்தேன். அவர் அந்தப் பக்கமாகப் போனார். "நான்தானே தினம் டவுனுக்குப் போறேன், எடுத்துட்டு வரேன் தம்பி" என்றார். தானாகச் சொன்னார். பிறகு கடைக்கு ரேக் வந்தது, நாற்காலி வந்தது, எல்லாம் அவர் பஸ்ஸில்தான் வந்தது. விடுமுறை நாளில் கடைக்கு வந்து சுண்ணாம்பு அடித்துக் கொடுத்தார். வேண்டாம் என்றால் அவர் முகம் சுருங்கிவிடும். ஒருவர் ஆசையாகச் செய்வதைத் தடுப்பது நாகரிகம் இல்லை.

எப்போதிலிருந்து என்னைத் தம்பி என்பதை விட்டுவிட்டுச் சார் என்று கூப்பிட ஆரம்பித்தார் என்று ஞாபகம் இல்லை. அதையும் நான் கேட்கவில்லை.

இனி அந்த முன்னறைக்கு வருகிறேன். நீங்கள் அதற்குத்தான் காத்திருக்கிறீர்கள் என்று தெரிகிறது, பேனாவை மாற்றிப் பிடிக்கிறீர்கள்.

அவர் வீடு பஸ் நிலையத்துக்கு நேர் எதிரே, பெரிய சாலையில் இருந்தது. அப்பா வழியில் வந்த சொத்து. சாலையைப் பார்த்த முன்னறையில் அவர் மனைவி தையல் மிஷின் போட்டிருந்தார். ரவிக்கை, பள்ளிக்கூடச் சீருடை என்று வேலை இல்லாத நாளே கிடையாது. பஸ்ஸை விட்டு இறங்குகிற அத்தனை பேர் கண்ணிலும் முதலில் படுகிற அறை அதுதான். அங்கே ஒரு கண்ணாடிக் கடை இருந்தால் எப்படி இருக்கும் என்று யாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது.

அந்தச் சமயத்தில் டெப்போ மேனேஜர் படிக்கிற கண்ணாடி மாற்ற என் கடைக்கு வந்தார். அதை நிதானத்திடம் சொன்னேன். "மேனேஜர் வந்தாருண்ணே. பேச்சுவாக்குல உங்களைப் பத்தியும் விசாரிச்சார்."

"என்ன சார் சொன்னீங்க?"

"நல்லபடியாத்தான் சொல்லியிருக்கேன். எத்தனை நாளைக்குச் சமாளிக்க முடியுமோ, தெரியல. சந்துக்குள்ள கடையை வச்சுக்கிட்டு என் பாட்டைச் சமாளிக்கறதே பெரிய பாடா இருக்கு."

மேனேஜர் வந்தது உண்மை. நிதானத்தைப் பற்றி விசாரித்தாரா என்று நேற்றுக் கேட்டீர்கள். 'நம்ம டிரைவருங்க கண்ணெல்லாம் எப்படி இருக்கு' என்று பொதுவாகக் கேட்டார். பொதுவாகக் கேட்டதில் நிதானமும் அடக்கம்தானே. ஆகவே நான் பொய் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து அவரே வந்து, முன்னறையைக் கடைக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். தையல் மிஷின் சமையலறைக்குப் போனது. அடுப்புக்கும் ஜன்னலுக்கும் நடுவில் அதற்குச் சரியாக இடம் இருந்தது, நான்தான் அளந்து காட்டினேன். ஒரு வருடம் அப்படியே போயிற்று. பிறகு, அடுத்தவர் பெயரில் இருக்கும் இடத்தில் கடை நடத்துவது இரண்டு பேருக்கும் சங்கடம் என்று எனக்குப் பட்டது. நான் சொன்னது அவ்வளவுதான், சங்கடமாக இருக்கிறது என்று. அவருடைய வருடாந்தரப் பரிசோதனையும் அந்த மாதத்தில்தான் வந்தது, அதற்கு நான் என்ன செய்ய முடியும்? முன்னறையை என் பெயருக்கு மாற்றப் போன அன்று பத்திரம் எழுதுபவர் அறையில் மின்சாரம் இல்லை, பொழுது சாய்ந்துவிட்டது. நிதானத்துக்கு மேசையே தெரியவில்லை. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் அவர் விரலைப் பிடித்து வைத்தேன். பத்திரக்காரருக்கு ஒன்றும் தோன்றாதபடி, வயதான அண்ணனுக்கு உதவுவது போலத்தான் செய்தேன். அவருடைய மானத்தைக் காப்பாற்றுவதும் என் பொறுப்பாகத்தான் இருந்தது.

அவர் தம் கையாலேயே கொடுத்தார் என்று நான் இதைத்தான் முதல் நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். நான் பூட்டை உடைக்கவில்லை, யார் மடியிலும் கை வைக்கவில்லை. இதைச் சொன்னபோது நீங்கள் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னைப் பார்த்தீர்கள்.

"திருட்டுன்னா தெரியாம எடுக்கறது. கொள்ளைன்னா கண்ணு முன்னாடியே பிடுங்கறது. இதுல அவங்களே எடுத்துக் குடுப்பாங்க சார். பயந்துபோய்க் குடுப்பாங்க. அவர் கையால குடுத்தார்னு நீங்க சொல்றீங்களே, அதான் இந்தக் குத்தமே."

கத்தியைக் காட்ட வேண்டியதில்லை என்றீர்கள். வேலை போய்விடும், மானம் போய்விடும் என்று பயந்தாலும் பயம் பயம்தான் என்றீர்கள். சொல்லப்போகிற விஷயம் உண்மையாகவே இருந்தாலும், சொல்லிவிடுவேன் என்று காட்டி ஒரு பொருளையோ கையெழுத்தையோ வாங்கினால் குற்றம் என்றீர்கள். நன்றாக விளக்கினீர்கள். என் மகளுக்குக்கூட யாராவது இப்படிப் பாடம் சொல்லிக்கொடுத்தால் தேவலை என்று நினைத்தேன். ஆனால் அதில் எனக்கு ஒரு ஐயம் இருக்கிறது. ஒருவர் பயப்படுகிறார் என்றால் அந்தப் பயத்தை நான் உண்டாக்கியதாக ஆகிவிடுமா? அவர் கண்ணை நான் கெடுக்கவில்லையே. பயம் அவரிடம் ஏற்கெனவே இருந்தது. நான் அதை அவ்வப்போது விசாரித்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

அவர் மனைவி ஒரு நாள் கடைக்குள் வந்தார். கடை என்றால் அவருடைய பழைய தையல் அறை. வாடிக்கையாளர் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து வந்தது எனக்குப் பிடிக்கவில்லை.

"எங்க வீட்டுக்காரர் உங்ககிட்ட கடன் ஏதாவது வாங்கியிருக்காரா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. அண்ணன் என்கிட்ட எதுக்குக் கடன் வாங்கப்போறார்?"

"அப்ப உங்க சத்தம் கேட்டா, சாப்பிட்டுட்டு இருக்கறவரு ஏன் தட்டைத் தள்ளி வச்சுட்டு எழுந்துடறாரு? நானும் எத்தனை நாள்தான் பார்த்துட்டு சும்மா இருக்கறது?"

வயதாகிறது, சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள் என்றேன். கண் விஷயத்தை அவர் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. நானும் சொல்லவில்லை. ஒரு குடும்பத்துக்குள் மூக்கை நுழைப்பது தப்பு. அந்த அம்மாள் போகும்போது கதவருகில் நின்று, முன்பு மிஷின் இருந்த இடத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். இப்போது உங்களிடம் புகார் கொடுத்திருப்பதும் அவர்தான் என்று நினைக்கிறேன். அன்றைக்கே அந்தப் பார்வை எனக்குச் சரியாகப் படவில்லை.

அதிலிருந்து நான் கவனமாக இருக்க ஆரம்பித்தேன். நிதானம் யாரோடு பேசுகிறார், எங்கே போகிறார் என்று பார்த்துக்கொள்வேன். கடை முன்னறை, வீடு பின்னறை, நடுவில் ஒரு பலகைச் சுவர். வசதியாக இருந்தது. விடுமுறை நாளில் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு நகரத்துக்குப் போனார். கேட்டால் கல்யாணம் என்றார். கல்யாணத்துக்குப் போகிறவர் மனைவியை ஏன் விட்டுவிட்டுப் போகிறார்? திரும்பி வந்தபோது அவர் கண் பாவை பெரிதாக விரிந்திருந்தது, வெயிலைப் பார்க்க முடியாமல் கையை வைத்து மறைத்துக்கொண்டு வந்தார். கண் டாக்டர் விடுகிற சொட்டு மருந்துக்கு அப்படித்தான் ஆகும். கண்ணாடிக் கடைக்காரனிடமே காது குத்தப் பார்த்தார். எனக்கு மனசு விட்டுப்போயிற்று. இத்தனை வருடம் கட்டிக் காத்தவனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று நிஜமாகவே வருத்தமாக இருந்தது.

அன்று சாயங்காலம் அவரே வந்தார். முகத்தில் ஒரு தெளிவு இருந்தது, நான் அதற்கு முன் பார்த்திராத தெளிவு.

"சார், ஆஸ்பத்திரியில காட்டினேன். டாக்டர் ஒண்ணு சொன்னார். கண்ணு போன டிரைவரை வேலையை விட்டு அனுப்ப மாட்டாங்களாம். டெப்போவுலயே உட்கார்ற வேலை குடுப்பாங்களாம், அதே சம்பளமாம். விதியே இருக்காம் சார்."

"யாரு சொன்னாங்க?"

"டாக்டரே சொன்னார். நாளைக்குப் போய் மேனேஜர்கிட்ட சொல்லிடலாம்னு இருக்கேன்."

நீங்கள் இப்போது கேட்கப் போகிற கேள்வி எனக்குத் தெரியும், ஆகவே நானே சொல்லிவிடுகிறேன். அந்த விதி எனக்குத் தெரியும். ஆரம்பத்திலிருந்தே தெரியும். டெப்போவோடு ஒப்பந்தம் போட்டபோது கொடுத்த தாள்களிலேயே அது இருந்தது. முதல் நாள் அவர் கேட்டபோது வேலை போய்விடும் என்று சொன்னேன், ஓட்டுகிற வேலை போகத்தானே செய்யும். அவர் அதை எப்படிப் புரிந்துகொண்டார் என்பதற்கு நான் பொறுப்பில்லை.

ஆனால் அவர் நலனில் அக்கறை உள்ளவன் என்ற முறையில், அவர் யோசிக்காத ஒன்றை எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. "சொல்லுங்கண்ணே, தாராளமா சொல்லுங்க. ஆனா எப்பலேருந்து தெரியும்னு கேட்பாங்க. தெரிஞ்சே இத்தனை வருஷம் ஜனங்களை ஏத்திட்டு ஓட்டினதுக்கு என்ன பதில் சொல்லுவீங்க? வேலை கிடைக்குமோ என்னவோ, கம்பிதான் எண்ணணும். அண்ணி பாவம், சமையல்கட்டுல உட்கார்ந்து தைச்சுத்தான் உங்களைப் பார்க்க வரணும்."

அவர் நின்றுகொண்டே இருந்தார். உட்காருங்கள் என்றேன். நாற்காலி எங்கே இருக்கிறது என்று கையால் தேடினார், விளக்குப் போட்டிருந்தும். உட்காரவில்லை. "சரி சார்" என்றுவிட்டுப் போனார். அந்தப் பேச்சை அவர் மறுபடி எடுக்கவே இல்லை. நானும் நிம்மதியாகத் தூங்கினேன்.

பள்ளிக்கூடம் திறக்கும் மாதத்தில் எனக்குத் தலைக்கு மேல் வேலை. பிள்ளைகளுக்குக் கண்ணாடி மாற்ற வரிசையாக வருவார்கள். ஒரு நாள், நகரத்து மொத்த வியாபாரக் கடையில் பார்சல் கட்டி முடிக்க மதியம் தாண்டிவிடும் என்று போன் வந்தது. அவருடைய பகல் டிரிப் அதற்குள் திரும்பிவிடும். நாளைக் காலையில் லென்ஸ் இல்லை என்றால் என் பேரே கெட்டுப்போய்விடும் என்று நிதானத்திடம் சொன்னேன். "மாலை டிரிப் எடுக்கணும் சார்" என்றார், மிகவும் தாழ்ந்த குரலில். "உங்க சௌகரியம்ணே" என்றேன்.

இதை மிரட்டல் என்கிறீர்கள். உங்கள் சௌகரியம் என்று சொல்வது உங்கள் ஊரில் மிரட்டலா?

பஸ் அந்தி மயங்கும் நேரத்தில் வந்தது. நான் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். எதிரே லாரி ஒன்று விளக்கைப் போட்டுக்கொண்டு வந்தது, அதற்கு வழி விட்டு அவர் இடது பக்கம் ஒதுங்கினார். இடது பக்கம் நிறுத்தத்தில் ஆட்கள் நின்றார்கள். மெதுவாகத்தான் வந்தது பஸ். பார்த்த எல்லோரும் உங்களிடம் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். மெதுவாக வந்து, மெதுவாக ஏறியது. நிற்கவே இல்லை, ஏனென்றால் அங்கே யாரும் இருப்பதாக அவருக்குத் தெரியவில்லை. செத்துப்போனவர்கள் மூன்று பேர் என்று மறுநாள் சொன்னார்கள்.

கூட்டம் கூடுவதற்குள் நான் சாலையைத் தாண்டிப் போனேன். ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்தேன். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரது? சாரா? ஏதோ ஏறி இறங்கின மாதிரி இருந்துச்சு சார். யார் மேலயாவது பட்டுடுச்சா?"

"ஒண்ணும் இல்லண்ணே. யார் கேட்டாலும் பிரேக் பிடிக்கலன்னு மட்டும் சொல்லுங்க. வேற எதுவும் பேசாதீங்க."

சீட்டுக்குப் பின்னால் இருந்த பார்சலை எடுத்துக்கொண்டு வந்தேன். அங்கேயே விட்டிருந்தால் நசுங்கிப்போயிருக்கும். பிரித்துப் பார்த்தேன், ஒரு லென்ஸ்கூட உடையவில்லை. மறுநாள் பிள்ளைகளுக்குச் சொன்னபடி கண்ணாடி கொடுத்தேன்.

அவர் இன்றுவரை பிரேக் பிடிக்கவில்லை என்று மட்டுமே சொல்லிக்கொண்டிருக்கிறார், என் பெயரை ஒரு தடவைகூட எடுக்கவில்லை என்று நீங்கள் சொன்னபோது எனக்கு மனசு நிறைந்துவிட்டது. மெக்கானிக் வந்து பிரேக் நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்த பிறகும் அதையேதான் சொல்கிறாராம். அது பயம் என்கிறீர்கள். நான் நன்றி என்கிறேன். நன்றி உள்ள மனிதரைப் பார்த்துப் பழக்கம் இல்லாதவர்களுக்கு அது வேறு மாதிரித் தெரியலாம்.

ஆகவே நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விக்கு வருகிறேன். அவர் கண் எந்த அளவுக்கு ஆபத்து என்று எனக்குத் தெரியுமா, தெரியாதா? நான் டாக்டர் இல்லை, கண்ணாடி விற்கிறவன். அத்தனை வருடமும் அவர் பஸ்ஸில் ஒரு கீறல் விழவில்லை. தலையைத் திருப்பிப் பார்த்து ஓட்டுகிறவர், பகலில் மட்டும் ஓட்டுகிறவர், ஊரே நம்பியவர். நானும் நம்பினேன். யாருக்கும் எதுவும் ஆகாது என்று மனப்பூர்வமாக நம்பித்தான் வருடா வருடம் கையெழுத்துப் போட்டேன். இதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள்.

"உங்க பொண்ணைப் பார்த்துப் பேசினேன் சார். முன்னாடி அந்த பஸ்லதான் ஸ்கூலுக்குப் போயிட்டு இருந்தாளாம். திடீர்னு ஒரு நாள் அப்பா சைக்கிள் வாங்கிக் குடுத்து, இனிமே அந்த பஸ்ல காலையே வைக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாராம். எப்பன்னு கேட்டேன். நீங்க அவர் கண்ணுல குறையைக் கண்டுபிடிச்ச அதே வாரம்."

பிள்ளைகளிடம் எதற்குப் போனீர்கள்? சரி, போய்விட்டீர்கள். சைக்கிள் மிதிப்பது உடம்புக்கு நல்லது. அவளுக்கும் அப்படித்தான் சொன்னேன். ஒரே பெஞ்சில் உட்காருகிற தோழி மட்டும் தனியாக அந்தப் பஸ்ஸில் போக வேண்டுமா, அவளுக்கும் சைக்கிள் வாங்கித் தரச் சொல்லி அவள் அப்பாவிடம் நான் பேச வேண்டும் என்று என் மகள் அப்போது அடம் பிடித்தாள். ஊர்ப் பிள்ளைகள் எதில் போகிறார்கள் என்பதெல்லாம் நம் வேலை இல்லை என்றேன். நிறுத்தத்தில் நின்ற அந்த மூன்று பேரில் அந்தத் தோழியும் ஒருத்தி என்று இப்போது நீங்கள் சொல்லித்தான் எனக்கு நினைவு வர வேண்டும் என்பதில்லை. என் மகள் அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை.

ஆனால் இதற்கும் நீங்கள் கேட்ட கேள்விக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் புரியவில்லை. நீங்களும் பிள்ளை பெற்றவர்தான், கொஞ்சம் நியாயமாக யோசித்துப் பாருங்கள். தெரிந்தே எந்தத் தகப்பன் தன் பிள்ளையை அந்தப் பஸ்ஸில் ஏற்றி அனுப்புவான்?